சர்க்கரை சேர்க்காத வளைகாப்பு

ஏழாம் மாதத் தொடக்கத்தில் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல செய்தி என்றால் அவர் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். "சப் டீக் ஹை", எல்லாம் சரி என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்.

"கப்ரானா மத்" என்று ஆரம்பித்தார். பயப்படாதே என்று யாராவது சொன்ன பிறகுதான் எனக்கு எப்போதுமே பயம் வரும். கர்ப்ப காலத்தில் சிலருக்கு வருகிற சர்க்கரை நோய் உனக்கு வந்திருக்கிறது, பிரசவம் ஆனதும் பெரும்பாலும் போய்விடும், முதலில் சாப்பாட்டிலேயே கட்டுப்படுத்திப் பார்ப்போம், முடியாவிட்டால் இன்சுலின் போட்டுக்கொள்ளலாம் என்று நிதானமாக இந்தியில் விளக்கினார். கவனிக்காமல் விட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பெரிதாகலாம், பிறந்ததும் அதன் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிப்போகலாம் என்றும் சொன்னார். மற்ற எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்தேன்.

ஆட்டோவில் ஆர்.கே.புரம் வீட்டுக்கு வரும்வரை அழுதேன். கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. கரோல் பாக்கில் நான் பிறந்து வளர்ந்த அதே வாடகை வீட்டில் அவர் தனியாக இருந்தார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஸ்டெனோவாகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவர். நான் கல்லூரியில் படிக்கும்போது அம்மா இறந்துபோனாள். அதன் பிறகு டீயும் ரசமும் வைக்கப் பழகிக்கொண்டார். மற்றபடி அடுப்பங்கரை அவருக்கு அந்நிய தேசம். அவருக்கும் நெடுநாளாகச் சர்க்கரை உண்டு. ஃபோனில் அவரிடம் சொன்னேன்.

"என் ரத்தம் கண்ணு. என்கிட்டருந்துதான் வந்திருக்கு. உங்கம்மா பக்கத்துல யாருக்கும் கிடையாது."

"இது வேற மாதிரிப்பா. பிள்ள பொறந்ததும் போயிரும்னு டாக்டரே சொல்றாங்க."

"போகட்டும், போகட்டும்" என்றார். சாமி கும்பிடும்போது வருகிற குரல் அது.

மறுநாள் காலை மெட்ரோ மாறி ஏறி வந்து, எங்கள் குவார்ட்டர்ஸின் படிகளில் மூச்சு வாங்க ஏறினார். தான் பயன்படுத்துகிற சர்க்கரை பார்க்கும் மெஷின் மாதிரியே புதிதாக ஒன்று வாங்கி வந்திருந்தார். அன்றிலிருந்து சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆனதும் விரலில் குத்திப் பார்ப்பது என் வேலையாயிற்று. சோறு கொஞ்சம், காய்கறி நிறைய, பருப்பு, தயிர், ஒரு சப்பாத்தி. முதல் வாரத்தில் எண்கள், இதைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் போட்ட கோட்டுக்குக் கீழேயே நின்றன. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் நாக்குதான் கேட்கவில்லை.

நான் இனிப்புக்கு அடிமை. மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் காலத்திலேயே, பஸ் காசை மிச்சம் பிடித்து ஜிலேபி தின்றவள். இப்போது நான் வேலை பார்க்கும் வங்கிக்கு எதிரே மாலை நேரத்தில் ஜிலேபி போடுவார்கள். அந்த வாசனை கண்ணாடிக் கதவைத் தாண்டி வரும். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு ஜிலேபிக்காக ஒரு வளர்ந்த பெண் அழுவாளா என்று யாராவது கேட்டால், கர்ப்பமாக இருந்து பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

ஒரு சனிக்கிழமை ஃபோனில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. சர்க்கரையே சேர்க்காத ஆரோக்கியமான ஆப்பிள் கிரம்பிள். ஆப்பிள் துண்டுகளை அடியில் பரப்பி, மாவும் வெண்ணெயும் பிசிறி மேலே தூவி ஓவனில் வைத்து எடுக்கிற பண்டம். சர்க்கரைக்குப் பதிலாகப் பேரீச்சம்பழ விழுது, வெல்லம், கடைசியில் தேன். செய்து காட்டிய பெண் ஒல்லியாக, சந்தோஷமாக இருந்தாள். எங்கள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த ஓவன் பரண் மேல் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. கணவர் ஸ்டூல் போட்டு ஏறி இறக்கிக் கொடுத்தார்.

அன்று வீடு முழுக்கப் பட்டை வாசனை. ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். பிறகு இன்னொன்று. சர்க்கரைதான் இல்லையே என்ற தைரியம். அத்தனை நாளுக்குப் பிறகு நாக்கில் இனிப்புப் பட்டபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து மெஷினில் எண் வந்தது. அவ்வளவு பெரிய எண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை.

"மெஷின் தப்பா இருக்கும். வேற விரல்ல பாரு" என்றார் கணவர்.

வேறு விரலில் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே எண். அதே நேரத்தில் வயிற்றுக்குள் குழந்தை வேகமாக உதைத்தது. அது வலியில் துடிக்கிறது என்று நானாகவே முடிவு செய்துகொண்டு சோபாவில் சுருண்டு படுத்தேன்.

திங்கள்கிழமை டாக்டர் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார். குதிரை ஓடுவது மாதிரி இருந்தது. "நன்றாக இருக்கிறது, உதைப்பதும் நல்லதுதான்" என்றார். எனக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. பிறகு உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். அந்த அம்மாள் நான் சொன்ன செய்முறையைக் கேட்டுவிட்டுக் கோபப்படவில்லை. பேரீச்சம்பழம், வெல்லம், தேன் மூன்றையும் உன் ரத்தம் சர்க்கரையாகத்தான் பார்க்கும், வீடியோ என்ன பெயர் வைத்தாலும் அதற்குத் தெரியாது என்றார். பழம் சாப்பிடலாம், ஒரு வேளைக்கு அரை ஆப்பிள், கூடவே பாதாமோ அக்ரூட்டோ ஒரு பிடி. இந்த மாதிரி எண்கள் திரும்பத் திரும்ப வந்தால் இன்சுலின்தான் என்பதையும் மென்மையாகச் சொல்லி அனுப்பினார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். நான் நடந்ததை ஒப்பித்தேன். அவர் அந்த ஓவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரை ஆப்பிள் சாப்பிடலாம்னாங்கள்ல?"

"ஆமாம்."

"பாதாம் சாப்பிடலாம்?"

"ம்."

"அப்ப அது ரெண்டையும் வச்சே பண்ணுவோம். இனிப்புக்குன்னு வேற எதையும் போட வேணாம்."

"இனிக்காதுப்பா."

"பண்ணிப் பாத்தாதானே தெரியும்" என்று சொல்லி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தார். அந்தக் கைகள் டைப்ரைட்டரைத் தட்டி நான் பார்த்திருக்கிறேன், காய் நறுக்கிப் பார்த்ததில்லை.

முதல் முறை தோலை உரித்துப் பொடிப்பொடியாக நறுக்கினார். ஓவனிலிருந்து எடுத்தபோது ஆப்பிள் கூழாகியிருந்தது. மேலே தூவிய பாதாம்பொடி வாயில் மரத்தூள் மாதிரி ஒட்டியது. கணவர் மரியாதைக்காக ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டுவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். அடுத்த வாரம் ஓட்ஸை அதிகமாகப் போட்டுவிட்டோம். கஞ்சியைக் காய வைத்தது போல வந்தது. அதற்கடுத்த வாரம் மேலே கருகி, உள்ளே வேகாமல் நின்றது. அப்பா ஒவ்வொரு முறையும், "அச்சா, அடுத்த வாரம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு மெட்ரோ பிடிக்கக் கிளம்பிவிடுவார். ஆனால் வாரத்தின் நடுவில் ஃபோன் வரும். "கண்ணு, தோலை எடுக்காம போட்டா என்ன? தோல்தானே பழத்தைப் பிடிச்சு நிக்க வைக்குது?"

இதற்கிடையில் பழவண்டிக்காரரிடம் அப்பாவுக்குப் பழக்கமாகிவிட்டது. "பய்யா, மாவு மாதிரி இருக்கிறது வேண்டாம், கடித்தால் சத்தம் வர வேண்டும், கொஞ்சம் புளிப்பாகவும் இருக்க வேண்டும்" என்று இந்தியில் விளக்குவார். அந்த ஆளும் பொறுமையாக ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுத்துக் கொடுப்பார்.

நவராத்திரி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது கைகூடியது. தோலோடு தடிமனான துண்டுகள். ஒரு பேரிக்காயும் சேர்த்தோம். எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, பட்டைத்தூள், ஏலக்காய். மேலே கொரகொரப்பாகப் பொடித்த பாதாம், கையால் நொறுக்கிய அக்ரூட், பேருக்குக் கொஞ்சம் ஓட்ஸ், பிசிறுவதற்குக் கொஞ்சம் வெண்ணெய். நிதானமான சூட்டில் வைத்தோம். எடுக்கும்போது ஓரங்களில் பழச்சாறு கொதித்துப் பிசுக்காகி, பாதாம் பொன்னிறத்தில் இருந்தது. துணியில் கட்டி நீர் வடித்த தயிரை ஒரு கரண்டி மேலே வைத்து, எனக்குரிய அளவைக் கிண்ணத்தில் அப்பா எடுத்து வைத்தார்.

முதல் வாயில் எனக்கு ஏமாற்றம்தான். இனிப்பு எங்கே என்று நாக்கு தேடியது. இரண்டாவது வாயில் மெதுவாக வந்தது. இத்தனை நாள் பட்டினி போட்ட நாக்குக்கு அந்தப் பழத்தின் இனிப்பே தாராளமாக இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் அப்பா.

"இனிக்குதுப்பா."

"நிஜமாவா, எனக்காகச் சொல்றியா?"

"நிஜமா."

ஆனால் இனித்தால் எனக்குப் பயம். ஒரு மணி நேரம் மூவரும் காத்திருந்தோம். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. நேரமானதும் விரலில் குத்தி, மெஷினில் செருகும் பட்டையில் ரத்தத்தைத் தொட்டு வைத்தேன். மூன்று தலைகளும் அந்தச் சின்னத் திரைக்கு மேலே குனிந்தன. எண் வந்தது. கோட்டுக்குக் கீழே, நன்றாகக் கீழே.

கணவர் "யெஸ்" என்று கத்தினார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எனக்கும் ஒண்ணு குத்தி விடு, பாப்போம்" என்று விரலை நீட்டினார். அவருக்குச் சுமாராகத்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

அடுத்த கவலை வளைகாப்பு. தீபாவளி கழிந்ததும் ஒன்பதாம் மாதத்தில் வைத்திருந்தோம். பெண் வீட்டார் செய்ய வேண்டிய காரியம். என் வீட்டில் அப்பா ஒருவர்தான். சடங்கில் எதுவும் குறைந்துவிடக் கூடாதே என்று அவருக்குப் பதற்றம். எனக்கு வேறு பதற்றம். பாளையங்கோட்டையிலிருந்து மாமியார் வரப்போகிறார். மாமனாருக்கு மூட்டுவலி என்பதால் தனியாகவே ரயிலேறுகிறார். என் சர்க்கரை விஷயத்தைக் கணவர் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. தூரத்தில் இருந்துகொண்டு பயப்படுவாள், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவருடைய எண்ணம். ஆனால் அத்தை ஃபோனில் எங்களுக்கு வாய் திறக்க இடம் கொடுக்காமல், "தலைச்சன் பிள்ளைல்லா தாயி! முந்திரிக்கொத்தும் அதிரசமும் நானே சுட்டுக் கொண்டாரேன். எம்பேரன் இனிப்போட வரட்டும்" என்றார்.

வந்த அன்றே, பெட்டியைத் திறந்து எவர்சில்வர் டப்பாவை வெளியே எடுத்தார். மூடியைத் திறந்ததும் வெல்லமும் ஏலக்காயும் மணத்தன. ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினார். நான் பின்னால் நகர்ந்தேன். அவர் முகம் மாறியது.

"என்ன தாயி, நான் செஞ்சது வேண்டாமா?"

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நானே சொல்லிவிட்டேன். "அத்தை, எனக்குச் சர்க்கரை வந்திருக்கு. பிள்ள பெருசாயிரும்னு டாக்டர் சொல்றாங்க. இனிப்பே தொடக் கூடாது."

நீட்டிய கை அப்படியே நின்றது. கோபப்படப் போகிறார், அல்லது எங்கள் குடும்ப ரத்தத்தைப் பற்றி ஏதாவது சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் முந்திரிக்கொத்தை டப்பாவில் திரும்ப வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இவன் பொறக்கையில ஆஸ்பத்திரியே கூடி வந்து பாத்துது, அம்புட்டுப் பெருசு" என்று மகனைக் காட்டினார். "ரெண்டு நாளு வலி. பொறந்த பொறவு நீலமாப் போயிட்டான். கண்ணாடிப் பொட்டில வச்சு, பொழப்பானா மாட்டானான்னு ஒருத்தரும் சொல்லல. என்ன ஏதுன்னும் சொல்லல. அப்பல்லாம் இந்தச் சோதனை யாரு பண்ணுனா? நான் பாட்டுக்குத் தினமும் வெல்லப்பாகும் பணியாரமுமாத் தின்னுக்கிட்டுக் கெடந்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அதுக்கு இதுதான் காரணமா இருக்குமோ, என்னமோ. உனக்கு முன்னாலயே கண்டுபிடிச்சிட்டாகளே தாயி. அது போதும்."

பிறகு மகனைப் பார்த்து, "ஏல, இந்த டப்பாவ எங்கயாவது கொண்டு போய்க் குடு. இவ கண்ணுல படக் கூடாது" என்றார்.

கணவர் அதைப் பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். எத்தனையோ நாளாக என் தோளில் உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப்போனது மாதிரி இருந்தது. அத்தையின் மடியில் தலை வைத்துப் படுக்கலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை, அவராகவே என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

வளைகாப்பன்று காலை ஐந்து வகைக் கலவை சாதத்தை அத்தை பொறுப்பேற்றுக்கொண்டார். ஓவன் அப்பாவின் பொறுப்பு. பெரிய தட்டு ஓவனுக்குள் நுழையவில்லை என்பதால் சின்னத் தட்டுகளில் மாற்றி மாற்றி வைத்து எடுத்தார். ஆப்பிள் வாசனையும் புளியோதரை வாசனையும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. கன்னத்தில் சந்தனம் பூசி, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல்களை அடுக்கினார்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பஞ்சாபிப் பெண்கள், வளையலை எந்தக் கையில் முதலில் போட வேண்டும் என்று தமிழ்ப் பெண்களிடம் கேட்டுக் கேட்டுப் போட்டார்கள்.

இனிப்பு ஊட்டும் நேரம் வந்ததும் அத்தை, "எங்க, அந்தக் கிண்ணத்தக் கொண்டாங்க" என்றார். அப்பா கிண்ணத்தைக் கொண்டுவந்து அறை வாசலிலேயே நின்றுகொண்டார். பெண்கள் நிறைந்த இடம். அதோடு மனைவியை இழந்தவர் சடங்கில் முன்னே வரக் கூடாது என்று அவராகவே நினைத்துக்கொண்டிருந்தார். முந்தின நாளே என்னிடம், "நான் உள்ள வரமாட்டேன், நீ ஒண்ணும் நெனச்சுக்காத" என்று சொல்லியிருந்தார்.

"அண்ணாச்சி, ஏன் அங்கயே நிக்கிய? உள்ள வாங்க" என்றார் அத்தை.

"இல்ல, நீங்களே குடுங்க."

"செஞ்சது யாரு? நீங்கதான? அப்ப நீங்கதான் மொதல்ல ஊட்டணும். பிள்ளைக்குத் தாயும் நீங்கதான், தகப்பனும் நீங்கதான். வாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் மெதுவாக உள்ளே வந்து, ஒரு கரண்டி எடுத்து என் வாயில் வைத்தார். கொஞ்சம் என் புடவையில் சிந்தியது. அம்மா இறந்த பிறகு அவர் என் முன்னால் அழுது நான் பார்த்தது அன்றுதான். அந்த அழுகையில் துக்கம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இறுக்கி மூடி வைத்திருந்ததை ஒரு வழியாகத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. அத்தை இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். பஞ்சாபிப் பெண்கள் அப்பாவைச் சூழ்ந்துகொண்டு, "அங்க்கிள்ஜி, எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்க, அவர் கூச்சத்தோடு பாதாமை எவ்வளவு கொரகொரப்பாகப் பொடிக்க வேண்டும் என்று விரல்களால் காட்டிக்கொண்டிருந்தார்.

கார்த்திகை மாதம், குளிர் ஆரம்பித்த ஒரு நாள், மகள் பிறந்தாள். பேரன் என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தை, "எனக்கு எதுவாயிருந்தா என்ன, முழுசா வந்துட்டா" என்றார். குழந்தை பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. அழுது முடித்ததும் அவள் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். என் எல்லாப் பயமும் அந்த ஒரு துளியில் வந்து நின்றது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி குத்தினார்கள். ஒவ்வொரு முறையும் அவள் வீறிட, வெளியே நடையில் அப்பா எழுந்து நிற்பார். கடைசியாகப் பார்த்துவிட்டு நர்ஸ், "பில்குல் நார்மல். இனி குத்த வேண்டியதில்லை" என்றாள். அப்பாவிடம் போய்ச் சொல் என்று கணவரை அனுப்பினேன். நடையில் யாரோ பெரிதாக மூச்சுவிட்ட சத்தம் எனக்கு உள்ளேயே கேட்டது.

எனக்கு மட்டும் ஒரு பரிசோதனை பாக்கி இருந்தது. பிரசவமாகிச் சில வாரங்கள் கழித்து, அதே குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். டாக்டர் முடிவைப் பார்த்தார். தலையை நிமிர்த்தாமல், எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்தபோது, பல நாள் பனிமூட்டத்துக்குப் பிறகு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பூங்காவில், ஊரே வெயில் காய வந்தது போலக் கூட்டம். அத்தை குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தார். அப்பா பக்கத்தில் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். படித்த மாதிரித் தெரியவில்லை.

"என்னம்மா சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லையாம்ப்பா. போயிடுச்சாம்."

அப்பா தலையை ஆட்டினார். இரண்டு தடவை, மூன்று தடவை ஆட்டினார். "உக்காரு, உக்காரு. வெயில் நல்லா இருக்கு" என்று நகர்ந்து இடம் விட்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் புல்லிலேயே படுத்துவிட்டேன். முகத்தில் வெயில் சுள்ளென்று பட்டது. யாரோ என் மேல் சால்வையைப் போர்த்தினார்கள். யார் என்று கண்ணைத் திறந்து பார்க்க முடியாத அளவுக்கு எனக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது.